ஓடாத பழைய ஸ்ப்ளெண்டர் எட்டாயிரம் ரூபாய்க்கு: வாங்கலாமா, எப்படி ஓட வைப்பது?

2008 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ், கிக்கர் மட்டும் உள்ளது, மூன்று வருஷமாக வீட்டுச் சந்தில் நிற்கிறது, உதைத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, எட்டாயிரத்துக்குத் தருகிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கினால் எங்கே ஆரம்பிப்பது என்றும்.

வாங்கலாம். ஆனால் இஞ்சினை வைத்து முடிவெடுக்காதீர்கள். 97.2 சிசி, நாலு கியர், ஏறக்குறையப் படுத்த வாக்கில் சிலிண்டர், இரண்டே வால்வு. மிகச் சாதாரணமான இஞ்சின் அது. எந்த ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்பேர்ஸ் கடையிலும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். முழுதாகப் போர் அடித்து (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து) பிஸ்டன் போட்டாலும் கணக்குக்குள் அடங்கிவிடும். பணத்தைக் கரைப்பவை வேறு இரண்டு: பேப்பர் ஒன்று, டயர் - பிரேக் - செயின் - பேட்டரி என்கிற சில்லறைச் செலவு இன்னொன்று.

முதலில் பேப்பர். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பேச்சில் இதைத்தான் எஃப்.சி. என்கிறோம். 2008 வண்டிக்கு 2023-லேயே முடிந்திருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகனத்துக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 1,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய வண்டி என்றால் 2025-ல் அதை 2,000 ஆக்கிவிட்டார்கள். இது பெரிய தொகை இல்லை. அடி விழுவது தாமதக் கட்டணத்தில்: மாதத்துக்கு 300 ரூபாய். இரண்டு வருஷம் விட்டிருந்தால் 7,200. கிட்டத்தட்ட வண்டி விலை. இது போக பசுமை வரி, பெயர் மாற்றக் கட்டணம், நிலுவையில் இருக்கும் இ-சலான்கள். அதனால் விலை பேசுவதற்கு முன்பே அரசின் வாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். தாமதக் கட்டணம் மொத்தம் எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேளுங்கள். வரும் தொகையை எட்டாயிரத்திலிருந்து கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். விற்பவருக்கும் அந்த வண்டி இப்போது இடத்தை அடைக்கும் இரும்புதான், இறங்கி வருவார்.

ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ட்ரி, அதாவது கடனில் வாங்கிய குறிப்பு, இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். கடன் எப்போதோ கட்டி முடித்திருப்பார்கள், என்ட்ரியை மட்டும் எடுத்திருக்க மாட்டார்கள். ஃபைனான்ஸ்காரரிடம் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். அந்த ஃபைனான்ஸ் கம்பெனி மூடியே போயிருந்தால், அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஓனர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 போட்டு முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். உயிரோடு இருக்கும் ஓனர் என்றால் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, அடையாள அட்டை நகல். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. பழைய ஓனரின் போனுக்குத்தான் போகும். ஆகவே பெயர் மாறும் வரைக்கும் அவர் போனை எடுக்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாயைப் பிடித்து வைத்துக்கொண்டு, பெயர் மாறியதும் தருகிறேன் என்று சொல்வது தவறே இல்லை. சேசிஸ் நம்பர் ஸ்டீயரிங் கழுத்தில் அடித்திருக்கும், இஞ்சின் நம்பர் கிராங்க் கேஸில். துணியால் துடைத்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பேப்பர் சரியென்றால் வண்டியிடம் வரலாம். அங்கேயே நின்று உதை உதை என்று உதைக்காதீர்கள். மூன்று வருஷம் நின்ற சிலிண்டரில் எண்ணெய்ப் படலமே இருக்காது. காய்ந்த பிஸ்டன் ரிங் காய்ந்த போரில் உரசினால் கோடு விழும். நியூட்ரலில் போட்டு, கையால் கிக்கரை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் தடுத்து, அழுத்தினால் பொசுக்கென்று விட்டுக்கொடுத்தால் காம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) உயிரோடு இருக்கிறது. தடையே இல்லாமல் தொளதொளவென்று இறங்கினால் வால்வு திறந்தபடி ஒட்டியிருக்கலாம், ரிங் போயிருக்கலாம். அசையவே இல்லை என்றால் ஜாம். அதன் மேல் ஏறி நிற்காதீர்கள், கிக்கர் ஷாஃப்ட் பல் உடைந்தால் அடி கிராங்க் கேஸ் வரைக்கும் போகும்.

ஜாம் ஆன இஞ்சின் எல்லாம் செத்த இஞ்சின் இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, துரு எடுக்கும் ஸ்பிரேயோ, டீசலும் இஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்ததோ 30 மில்லி ஊற்றுங்கள். இந்த இஞ்சினில் ஒரு விஷயம்: சிலிண்டர் முன்பக்கம் பார்த்துப் படுத்திருப்பதால், ஊற்றிய எண்ணெய் ஹெட் பக்கமே தேங்கி நின்றுவிடும், பிஸ்டனை எட்டாது. முன் சக்கரத்தை ஒரு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள், எண்ணெய் பின்னால் ஓடிப் பிஸ்டன் விளிம்பில் நிற்கும். இரண்டு நாள் ஊறட்டும். பிறகு நாலாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். ஒரு நூல் அசைந்தாலும் போதும், இன்னும் எண்ணெய் விட்டு மறுநாள் ஆட்டலாம். சுத்தியல் வேண்டாம். ஒரு வாரத்தில் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி போருக்குத்தான் போக வேண்டும்.

கழற்ற ஆரம்பிக்கும்போது சைலன்சர் வாயில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். குளவி மண் வைத்து அடைத்திருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் எலி கடித்த பஞ்சும் நெல் உமியும் இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஸ்பாஞ்ச் விரலில் பொடிப்பொடியாக உதிர்ந்தால், அந்தப் பொடி கார்பரேட்டருக்குள்ளும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது இஞ்சின் ஆயில். டிரெய்ன் நட் 17 நம்பர் ஸ்பேனர். பழைய ஆயில் மோர் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கறுப்பாக வந்தால் கவலையில்லை. தட்டில் பிடித்துக் கிளறிப் பாருங்கள், அலுமினியத் துகள் மினுமினுத்தால் யோசிக்க வேண்டும். புதிதாக 10டபிள்யூ30, ஜாசோ எம்.ஏ. என்று போட்ட பைக் ஆயில் 900 மில்லி டப்பா ஒன்று வாங்குங்கள். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், ஏனென்றால் இங்கே கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் குளிக்கிறது. முதல் டப்பா கழுவுவதற்குத்தான், ஐம்பது கிலோமீட்டருக்குள் வடித்துவிடப் போகிறோம். இந்த வண்டிக்குக் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலது பக்கக் கவருக்குள் சுழலும் கிண்ணமும் ஒரு சல்லடையும் இருக்கின்றன. பழைய வண்டியில் அந்தக் கிண்ணத்துக்குள் களிமண் போல அழுக்கு அப்பியிருக்கும். கவர் கேஸ்கட் ஒன்று வாங்கிக்கொண்டு அதையும் திறந்து துடைத்துவிடுவது நல்லது.

பிளக் கழற்றியபடியே பத்துப் பதினைந்து முறை மெதுவாக உதைத்து ஆயிலைச் சுற்ற விடுங்கள். பிறகு காம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு ஐந்தாறு உதை. 140 பி.எஸ்.ஐ.க்கு மேல் வந்தால் பிரமாதம். 100-க்குக் கீழே என்றால் உடனே போருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், முதலில் டேப்பட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) பாருங்கள். டேப்பட் இறுகி வால்வு முழுதாக மூடாமல் இருந்தாலும் இதே எண்தான் வரும். இடது பக்க மேக்னட் கவரில் இருக்கும் இரண்டு மூடிகளைக் கழற்றி, நடு நட்டைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி, ஓட்டையில் 'டி' குறி கோட்டுக்கு நேரே வரும்போது நிறுத்துங்கள். ஹெட்டில் டேப்பட் மூடிகளைத் திறந்தால் தெரியும் இரண்டு ராக்கரும் விரலால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். இறுக்கமாக இருந்தால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஃபீலர் கேஜில் 0.05 மி.மீ. தகடு, இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் அதேதான். இஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். அதன் பிறகும் குறைவு என்றால் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் ஊற்றி, ரெண்டு உதை உதைத்துப் பரவ விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். எண் எகிறினால் ரிங்கும் போரும், அப்படியே நின்றால் வால்வு. வால்வு என்றால் ஹெட்டைக் கழற்றி லேப்பிங் போட்டு (வால்வை அதன் இருக்கையோடு தேய்த்துப் பொருத்தி), சீல் மாற்றினால் வேலை முடிந்தது.

இப்போது ஸ்பார்க். பேட்டரி செத்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கிக்கர் மட்டும் உள்ள பழைய ஸ்ப்ளெண்டரில் சி.டி.ஐ.க்கு (ஸ்பார்க்கைத் தூண்டும் சின்ன மின்னணுப் பெட்டி) கரன்ட் மேக்னட்டுக்குள் இருக்கும் காயிலிலிருந்து நேராக வருகிறது. பேட்டரியே இல்லாமல் வண்டி ஓடும். (2020-க்குப் பிறகு வந்த எஃப்.ஐ. வண்டிகளுக்கு இது பொருந்தாது.) புது பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் இரும்பை ஹெட் ஃபின்னில் ஒட்டிப் பிடித்து உதையுங்கள். பிளக் ஓட்டையைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் பெட்ரோல் டப்பா இருக்கக் கூடாது. நீலமாக, டப்பென்று சத்தத்தோடு அடித்தால் நல்லது. மஞ்சளாகச் சோம்பலாக வந்தால் கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயர் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள்; உள்ளே பச்சை பிடித்திருக்கும்.

ஸ்பார்க்கே இல்லையா? ஆளுக்கு ஆள் சி.டி.ஐ. போச்சு என்று சொல்லி எழுநூறு ரூபாய் செலவு வைப்பார்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இந்த வண்டியில் சாவியை ஆஃப் செய்தால், கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் எர்த் ஆகி ஸ்பார்க்கைக் கொல்லும். மூன்று வருஷம் மழையில் நின்ற சாவி சுவிட்ச் உள்ளே துருப்பிடித்து, ஆன் நிலையிலும் எர்த் அடித்துக்கொண்டே இருக்கும். சி.டி.ஐ.யிலிருந்து வரும் அந்த ஒரு ஒயரை மட்டும் கனெக்டரில் பிடுங்கிவிட்டு உதையுங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் குற்றவாளி சாவி செட்தான். ஓடவில்லை என்று தள்ளிவிடும் வண்டிகளில் கணிசமானவற்றின் கதை இவ்வளவுதான். வரவில்லை என்றால் மல்டிமீட்டரில் சோர்ஸ் காயில் (சி.டி.ஐ.க்குக் கரன்ட் தருவது), பல்சர் காயில் (ஸ்பார்க் நேரத்தைச் சொல்வது) இரண்டுக்கும் தொடர்ச்சி பாருங்கள். எது ஓபன் காட்டுகிறதோ அதை மாற்றுங்கள். இரண்டும் சரி என்றால் தெரிந்தவர் வண்டியிலிருந்து சி.டி.ஐ.யை ஐந்து நிமிஷம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள், பிறகு வாங்குங்கள்.

பெட்ரோல் பக்கம்தான் நிஜமான அழுக்கு வேலை. டேங்கில் கிடப்பது இப்போது பெட்ரோல் இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும்; ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும், அங்கேதான் துரு ஆரம்பிக்கும். மேலே இருப்பது தின்னர் நாற்றம் அடிக்கும். அதை முழுதாக வடித்துவிடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

கார்பரேட்டரைக் கழற்றும்போது முதலில் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கீழ்க் கிண்ணத்தைத் திறந்தால் பச்சை உப்பும் பிசினும் இருக்கும். மெயின் ஜெட் வழியாக வெளிச்சம் தெரிவதை வைத்துத் திருப்தி அடையாதீர்கள். அடைபடுவது பக்கத்தில் இருக்கும் பைலட் ஜெட். மயிரிழை ஓட்டை அது. கிளீனர் ஸ்பிரே அடித்து ஊற விட்டு, பழைய ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி அதனால் குத்துங்கள். தையல் ஊசி, கிட்டார் கம்பி எதுவும் வேண்டாம், ஓட்டை பெரிதானால் அப்புறம் ஐட்லிங் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் இஞ்சின் ஓடுவது) நிற்கவே நிற்காது. ஃப்ளோட் ஊசியின் கூம்பு நுனியில் வளையம் போல பள்ளம் தெரிந்தால் மாற்றுங்கள். கார்பரேட்டர் கிட் வாங்கினால் ஊசி, ஓ-ரிங், கேஸ்கட் எல்லாம் சேர்ந்தே வரும். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் ஒரிஜினல் ஜெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிட்டில் வந்த ஜெட்டைப் போடாதீர்கள், துளை அளவு பல கிட்களில் நம்பும்படி இருப்பதில்லை. பெட்ரோல் டியூபைப் புதிதாகப் போடுங்கள், பழைய ரப்பர் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் இளகிப் போகும்.

டேங்கைச் சுத்தம் செய்யும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சுத்தமான குளுக்கோஸ் பாட்டிலில் 100 மில்லி பெட்ரோல் ஊற்றி, ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, டியூபைக் கார்பரேட்டரில் செருகுங்கள். மெக்கானிக் கடைகளில் காலம் காலமாகச் செய்வதுதான். சோக் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள். பிடித்தவுடன் முறுக்காதீர்கள். ஊற்றிய எண்ணெய் எரிகிற வரைக்கும் தெருவே புகையாக இருக்கும், பத்து நிமிஷம் பொறுங்கள். இதற்குள் ஒரு டேப்பட் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசிந்து வந்தால் ஹெட்டுக்கு ஆயில் ஏறுகிறது. வரவில்லை என்றால் உடனே ஆஃப்.

புகை நிற்காமல் முறுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங், போர். சும்மா நின்று ஐட்லிங்கில் ஓடிய பிறகு முறுக்கினால் மட்டும் ஒரு குப்பென்று வந்து நின்றால் வால்வு சீல். அதோடு பல மாதம் ஓட்டலாம். சோக் போட்டால் ஓடி, சோக்கை எடுத்தால் நின்றால் பைலட் ஜெட் இன்னும் அடைப்பு. ஐட்லிங் தானாக ஏறிக்கொண்டே போனால் கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஓ-ரிங் காற்று இழுக்கிறது. இடது பக்கம் கலகலவென்று சத்தம் என்றால் டைமிங் செயின் கிட். ஐட்லிங் 1,400 ஆர்.பி.எம். சுற்றி நின்றால் சரி.

டேங்க் துருவுக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பு போதும். டேங்க் கொள்ளளவு பத்தரை லிட்டர். பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, பத்து லிட்டர் சூடான தண்ணீரில் அரைக் கிலோ கரைத்து விளிம்பு வரைக்கும் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். பெயின்டில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் காவி நிறத் தண்ணீரை வடித்து, நூறு கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, காய்ந்ததும் கொஞ்சம் பெட்ரோலில் இஞ்சின் ஆயில் கலந்து உள்ளே குலுக்கிவிடுங்கள். கடைசிப் படியை விட்டால் ஒரு மணி நேரத்தில் மஞ்சள் துரு திரும்ப வந்துவிடும். பாத்ரூம் ஆசிட் ஊற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், அது துருவோடு தகட்டையும் தின்னும். பெட்ரோல் லைனில் ஒரு சின்ன ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று உடனே ரோட்டுக்கு எடுக்காதீர்கள், நிற்க வைப்பது வேறு வேலை. டயர் இரண்டுமே 2.75-18. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஆறு வருஷம் தாண்டியிருந்தாலோ, அமுக்கினால் வெடிப்பு விரிந்தாலோ பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள், டியூபையும் சேர்த்து. இது ஒன்றே ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய் இழுக்கும். பின்சீட்டில் ஆளில்லாமல் ஓட்ட முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ.

பிரேக் டிரம்மைக் கழற்றும்போது தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஷூ பளபளவென்று கண்ணாடியாகியிருந்தால் உப்புத்தாள், தேய்ந்திருந்தால் புதுசு. நின்ற வண்டியில் பெரும்பாலும் ஷூவை விட அதை விரிக்கும் கேம்தான் பிரச்சினை: துருப்பிடித்து இறுகி, பிரேக் பிடித்தால் விடாது. அதைத் தட்டி எடுத்து, தேய்த்து, துளியளவு கிரீஸ் வையுங்கள், ஷூ பக்கம் வழியக் கூடாது. மாட்டிய பிறகு பிரேக்கை அழுத்தும்போது பேனலில் உள்ள அம்புக்குறி குறியைத் தொட்டால் ஷூ முடிந்தது. கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் கேபிள்களில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

செயின் கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றால், ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி போல வளைந்திருந்தால் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். செயின் லாக்கின் மூடிய பக்கம் வண்டி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டி நடுரோட்டில் செயினைத் தொலைத்தவர்கள் நிறைய. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் டக்கென்று பள்ளத்தில் விழுவது போலிருந்தால் ஸ்டீயரிங் பேரிங்கான கோன் செட் போய்விட்டது.

பேட்டரி இல்லாமல் இஞ்சின் ஓடும், ஆனால் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் ஓடாது, எஃப்.சி.யில் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். புதுப் பேட்டரி போட்டு, ஓரளவு முறுக்கிப் பிடித்து வோல்ட் பாருங்கள். பதினைந்தைத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். யூனிட் கெட்டிருக்கிறது, புதுப் பேட்டரியையும் பல்பையும் சேர்த்துக் கொல்லும்.

எஃப்.சி. ஆகும் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு சுற்ற வேண்டாம், வாங்கிய இடத்திலிருந்து குட்டி யானையில் ஏற்றி வருவதே நல்லது. இன்சூரன்ஸ் கட்டாயம், 75-லிருந்து 150 சிசி வரைக்குமான தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022-ல் நிர்ணயித்தபடி 714 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. புகைச் சான்றிதழுக்கு இஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போங்கள். சுத்தமான ஏர் ஃபில்டரும் சரியான ஏர் ஸ்க்ரூவும் இருந்தால் பாஸ் ஆகும்.

பிறகு ஐம்பது கிலோமீட்டரில் கழுவல் ஆயிலை வடித்துப் புது ஆயில், 300-ல் டேப்பட், செயின் டைட், ஸ்போக் எல்லாம் ஒரு முறை. அப்போது பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: காபித்தூள் நிறம் என்றால் விட்டுவிடலாம், கரி படிந்திருந்தால் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே, வெளுத்திருந்தால் கால் சுற்று உள்ளே.